இரண்டரையாம் மாடி உத்தரவு

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, வட்டார நீதிமன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் மூன்று முறை உரக்க அழைக்கப்பட்டது. மூன்று முறையும் "இருக்கேன்" என்று பதில் வந்தது. அவர் ஆஜராகவில்லை என்று பதிவு செய்யப்பட்டது.

எல்லாம் இரண்டு தலையணையில் தொடங்கியது.

லிஃப்ட்காரர் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. நல்ல தலையணையாக வாங்கிப் போடுங்கள் என்றார் மருத்துவர். லிஃப்ட்காரர் ஐந்து மாடிக் கடை ஒன்றுக்குப் போய் இரண்டு எடுத்தார். விலை அறுநூற்று நாற்பது. பணத்தை எண்ணி நீட்டினார். கல்லாவில் இருந்த பெண் அதை வாங்கவில்லை.

"கார்டு இருக்கா சார்?"

"இல்லம்மா. காசு இருக்கு."

அந்தப் பெண்ணின் முகத்தில் இரக்கம் வந்தது. "காசா கொடுத்தா முழு விலை. எங்க கடை கார்டுல வாங்கினா பத்து சதவீதம் தள்ளுபடி, மூணு மாசத் தவணை. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"இது எதுக்கும்மா?"

"நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் ஆயிட்டீங்கன்னு ஒத்துக்கறீங்க."

ஒத்துக்கொண்டார். ஐந்நூற்று எழுபத்தாறு ரூபாயை மூன்று தவணையாக, ஒவ்வொன்றையும் கெடுவுக்கு நான்கு நாள் முன்பே கட்டினார். நான்காவது மாதம் 'அன்பு உறவே!' என்று தொடங்கி ஒரு கடிதம் வந்தது. உறவு பதினெட்டு ரூபாய் பாக்கி வைத்திருப்பதாக அதில் இருந்தது.

கடையின் ஐந்தாம் மாடியில் கார்டு பிரிவு. மேலாளர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"இந்தப் பதினெட்டு எதுக்கு சார்?"

"வரவேற்புக் கட்டணம். முதல் நாள் உங்களை வரவேற்றோம் இல்லையா?"

"யாரும் வரவேற்கலையே."

"கணக்குல வரவேற்றிருக்கோம்."

லிஃப்ட்காரர் சண்டைக்காரர் அல்ல. பத்து ஒன்று, ஐந்து ஒன்று, மூன்று சில்லறை என்று மேசைமேல் வைத்தார். மேலாளர் அதை விரலால் தொடாமல் அட்டை ஒன்றால் திருப்பித் தள்ளினார்.

"இருபத்தஞ்சுக்குக் கீழ வாங்கறதில்ல சார். ஒரு ரசீது போடவே எங்களுக்கு முப்பது ரூபா செலவு."

"சரி, இருபத்தஞ்சா வாங்கிக்கங்க. ஏழு ரூபா போனாப் போகுது."

மேலாளர் பதறிப்போனார். "ஐயோ, ஏழு ரூபா அதிகம் வாங்கினா அது டெபாசிட் ஆயிடும் சார்! டெபாசிட் வாங்க எங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. சட்டத்தை மீறச் சொல்றீங்களா?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"பொறுமையா இருங்க. வளரட்டும்."

"எது?"

"கடன்தான் சார்," என்றார் மேலாளர், பிறந்த குழந்தையின் எடையைப் பற்றி மருத்துவர் தாயிடம் சொல்லும் குரலில்.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். அவள் சலவை நிலையம் ஒன்றில் துணி வாங்கி ரசீது எழுதுகிறவள். ஒரு கைக்குட்டைக்குக்கூட ரசீது போடுகிறவள். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருக்கேன். சுண்டைக்காயை வாங்கவே மாட்டேன்னு ஒருத்தன் சொல்லி இப்பத்தாங்க கேக்கறேன்."

கடன் வளர்ந்தது. இருபத்தைந்தில் நின்று மூச்சு வாங்கும் என்று லிஃப்ட்காரர் எதிர்பார்த்தார். அது நிற்கவில்லை. பதினெட்டிலிருந்து நேரே நூற்றுப் பதினெட்டுக்குத் தாவியது. தாமதக் கட்டணம் நூறு. அதை நினைவூட்டியதற்கு அறுபது. நினைவூட்டல் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்ததற்கு முப்பது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையானது. கடிதங்களின் விளிப்பு மட்டும் தேய்ந்தது. 'அன்பு உறவே' போய் 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே' ஆனது, பிறகு 'ஐயா', பிறகு வெறும் கார்டு எண்.

இருநூற்று எட்டு ரூபாயோடு அவர் ஐந்தாம் மாடிக்கு ஓடினார். கோப்பு எங்கள் வக்கீலிடம் போய்விட்டது, இனி நாங்கள் தொட முடியாது என்றார்கள். வக்கீலிடம் ஓடினார். வக்கீல் மென்மையானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"இப்பவே கட்டிடறேன் சார்."

"கட்டிட்டா வழக்கு எப்படி நடக்கும்? உங்க ஆத்திரம் புரியுது. ஆனா என் பக்கமும் கொஞ்சம் பாருங்க." வக்கீல் பெருமூச்சு விட்டார். "நீதிமன்றத்துல மூவாயிரத்துக்குக் கீழ இருந்தா ரெண்டாம் மாடி. அங்க ஜனங்க வருஷக்கணக்கா காத்துக் கெடக்காங்க. மூவாயிரத்துக்கு மேல போனா மூணாம் மாடி, நாப்பதே நாள். உங்க நல்லதுக்காகத்தான் என் நோட்டீஸ் செலவு, படிவச் செலவு எல்லாம் போட்டு நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டுக்குக் கொண்டு வந்திருக்கேன். நன்றியெல்லாம் வேண்டாம்."

நன்றி சொல்லிவிட்டுத்தான் லிஃப்ட்காரர் வந்தார். பழக்கதோஷம்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் ஒரே கட்டடத்திலிருந்து, ஒரே முத்திரையோடு. ஒன்று, பதினொன்றாம் தேதி பத்தரைக்கு மூன்றாம் மாடி மன்றத்தில் ஆஜராக வேண்டும் என்றது. மற்றொன்று, பதினொன்றாம் தேதி பத்தரைக்கு அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டைப் பழுது பார்க்க வேண்டும், தவறினால் அவருடைய நிறுவனத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் ரத்தாகும் என்றது. அந்த லிஃப்ட் பழைய மாடல். மடக்குக் கம்பிக் கதவு வைத்தது. அதைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இந்த இடத்தில் லிஃப்ட்காரர் ஒரு தவறு செய்தார். லிஃப்ட்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. லிஃப்ட் ஏறி இறங்கும் குழியும் மூன்றாம் மாடி மன்றமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, சுவரில் காற்றுத் துளை இருக்கிறது, அங்கே பேசுவது இங்கே தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டே, கூப்பிடும்போது குரல் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டார்.

கூப்பிட்டார்கள். அவர் கையில் கயிற்றுப் பிடி கழன்றிருந்தது. "இருக்கேன்!" என்றார். மறுபடி கூப்பிட்டார்கள். "இங்கதான் இருக்கேன், கயித்தை மாட்டிட்டு வந்திடறேன்!" மூன்றாம் முறை அவர் கத்தியதில் குழி முழுவதும் எதிரொலித்தது.

துளை வழியாக அவருக்கு எல்லாம் கேட்டது.

"குரல் வருகிறதே?" என்றார் நீதிபதி.

"சுவரிலிருந்து வருகிறது, ஐயா," என்றார் மன்ற எழுத்தர்.

"சுவரை அழைத்தோமா?"

"இல்லை, ஐயா. பதிவேட்டில் 'வந்தார்', 'வரவில்லை' என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. 'கேட்டது' என்று கட்டம் இல்லை."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "கனம் நீதிபதி அவர்களே! பதினெட்டு ரூபாய்தானே என்று சிலர் கேட்கலாம். இந்தப் பதினெட்டை இன்று விட்டுவிட்டால் நாளை என்ன ஆகும்? எல்லாரும் கடனைச் சரியாகக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். சரியாகக் கட்டுகிறவர்களால் என் கட்சிக்காரருக்கு ஒரு காசு லாபம் உண்டா? இந்த மனிதர் மூன்று தவணையையும் கெடுவுக்கு முன்பே கட்டியிருக்கிறார். ஆரம்பத்திலிருந்தே அவருடைய நோக்கம் சரியில்லை."

நீதிபதி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கினார். லிஃப்ட்காரர் குழியிலிருந்து வெளியே வர இன்னும் பதினொரு நிமிடம் ஆனது. அதற்குள் மன்றம் மூன்று வழக்குகளை முடித்திருந்தது. நீதிபதி எழுந்து வந்து, புதிதாகப் பழுது பார்த்த லிஃப்ட்டில் இறங்கிப் போனார். சத்தமே இல்லை என்று எழுத்தரிடம் பாராட்டினாராம்.

வியாழக்கிழமை ஜப்தி ஊழியர் வீட்டுக்கு வந்தார். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கையில் பட்டியல் வைத்திருந்தார்.

"அந்த ரெண்டு தலையணையைத் தூக்கிட்டுப் போங்க, சனியன் விட்டுது," என்றாள் மனைவி.

"தலையணை அத்தியாவசியப் பொருள்மா. தொடக் கூடாது."

"அதை வாங்கினதுக்குத்தானே இவ்வளவு ரகளை?"

"அதனால என்ன? மனுசன் தூங்க வேண்டாமா? நீதிமன்றம் ஒண்ணும் கல்நெஞ்சு இல்லம்மா." சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பச்சை வர்ணம் அடித்த இரும்புப்பெட்டி இருந்தது. "அது என்ன?"

"என் டூல்ஸ் சார்," என்றார் லிஃப்ட்காரர். "அதை எடுத்தா நான் வேலைக்குப் போக முடியாது."

"வேலைக்குப் போகாட்டி கடனை எப்படிக் கட்டுவீங்கன்னு மேலிடத்துல கேட்டிருக்கேன்," என்றார் ஊழியர், பெட்டியில் அரக்கு முத்திரை வைத்தபடி. "இன்னும் பதில் வரல. ஏழு வருஷமாச்சு."

பெட்டி நீதிமன்றத்தின் மூன்றாம் மாடிப் பதிவறைக்குப் போனது. சனிக்கிழமை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் போன் பண்ணினார். "டூல்ஸ் இல்லாத மெக்கானிக்கை வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? அந்தச் சாவியும் பிரேக் கம்பியும் இப்பக் கடையில கெடைக்கிற சமாச்சாரமா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவேன். என்னைத் தப்பா நினைக்காதே."

ஆக, செவ்வாய்க்கிழமை மாலைக்குள் பெட்டி கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் இருபத்திரண்டு வருட வேலை போய்விடும். லிஃப்ட்காரர் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். எழுதியதைத் திருத்தியவள் மனைவி. முதல் வடிவத்தில் அவர் எட்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார், எட்டையும் அடித்துவிட்டாள்.

செவ்வாய் காலை இருவரும் மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போனார்கள். பத்து இருபதுக்குக் கீழேயிருந்து லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கதவுப் பூட்டு நழுவுது. இப்ப நிக்கும் பாரு," என்றார்.

நின்றது. இரண்டாம் மாடியைத் தாண்டி, மூன்றாம் மாடியை எட்டாமல், லிஃப்ட் பெட்டியின் மேல்பகுதி மட்டும் மூன்றாம் மாடித் தரைக்கு மேலே முழங்கால் உயரம் தெரிகிற மாதிரி நின்றது. கம்பிக் கதவின் இடுக்கு வழியாக, காத்திருந்தவர்களின் செருப்பு மட்டத்தில் மூன்று முகங்கள் தெரிந்தன. நீதிபதி, வக்கீல், எழுத்தர்.

ஜப்தி ஊழியர் ஓடி வந்தார். "லிஃப்ட்காரரே! திறங்க, திறங்க!"

"சாவி பெட்டியில இருக்கு."

"பெட்டி எங்க?"

"உங்க பதிவறையில இருக்கு. முத்திரை நீங்கதான் வெச்சீங்க."

ஊழியர் யோசித்தார். "முத்திரையை உடைக்க நீதிபதியோட உத்தரவு வேணுமே. நீதிபதி எங்க?"

"உங்க காலுக்குக் கீழ," என்றாள் மனைவி.

கீழேயிருந்து எழுத்தரின் குரல் வந்தது. "மன்ற ஒழுங்கு! நீதிபதியின் மட்டத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது!"

தாழ்வாரத்தில் ஏறக்குறைய முப்பது பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தும் உயரமாகவே இருந்தார்கள். எழுத்தர் மறுபடி கத்தினார். எல்லாரும் படுத்தார்கள். ஒரு சொத்து வழக்கில் ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க நேர்ந்தது. "கொஞ்சம் தள்ளிப் படு" என்றான் அண்ணன். தம்பி தள்ளிப் படுத்தான். மனைவி மட்டும் படுக்கவில்லை. காலையில்தான் இஸ்திரி போட்ட துணி என்றாள்.

"ஒரு பெண்மணி நிற்கிறார், ஐயா."

"அவர் வழக்கில் தரப்பு அல்ல. நிற்கட்டும்," என்றார் நீதிபதி. "மன்றம் கூடிவிட்டது. முதல் மனு?"

லிஃப்ட்காரர் குப்புறப் படுத்து, முகவாயைத் தரையில் ஊன்றி, மனுவைக் கம்பி இடுக்கில் நுழைத்தார். "என் டூல்ஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கணும் ஐயா. கொடுத்தா உங்களையும் வெளிய எடுத்துடுவேன்."

"பின் வாக்கியத்தைப் பதிவு செய்ய வேண்டாம். அது தூண்டுதல்," என்றார் நீதிபதி. மனுவைப் படித்தார். "சட்டப்படி, ஜப்தி செய்த பொருளை விடுவிக்கக் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். வக்கீல் ஐயா, சம்மதமா?"

வக்கீலின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அடைபட்ட இடம் அவருக்கு ஆகாது. ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறது. "ஆட்சேபிக்கிறேன், கனம் நீதிபதி அவர்களே. இவர் ஏற்கெனவே ஆஜராகாதவர்."

"இன்று ஆஜராகியிருக்கிறாரே?"

"படுத்திருக்கிறார். படுத்திருப்பது ஆஜர் ஆகுமா என்பது ஆராய வேண்டிய கேள்வி. விரிவாக வாதாட ஆறு வாரம் அவகாசம் கோருகிறேன்."

"இங்கேயா?" என்றார் நீதிபதி.

லிஃப்ட் லேசாக ஒரு விரற்கடை இறங்கிக் கிறீச்சிட்டது. வக்கீல் எழுத்தரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார், கயிறு நீளுது. விழாது," என்றார் லிஃப்ட்காரர்.

"எவ்வளவு நேரம் விழாது?"

"அதை என் டூல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

வக்கீல் கட்சிக்காரரின் ஒப்புதலைக் கேட்கக் கடைக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் தாழ்வாரம் முழுவதும் கேட்டது. உங்கள் அழைப்பு எங்களுக்கு உயிரினும் மேலானது என்றது ஒரு பெண் குரல். பிறகு இசை. பிறகு கார்டு எண்ணை அழுத்தச் சொன்னது. "என்கிட்ட கார்டு இல்லம்மா, நான் உங்க வக்கீல்!" என்று இயந்திரத்திடம் கெஞ்சினார் வக்கீல். கார்டு இல்லாதவர்கள் பூஜ்யத்தை அழுத்தவும் என்றது. அழுத்தினார்.

"வாழ்த்துகள்! இந்தக் கணம் முதல் நீங்களும் எங்கள் குடும்பத்தில் ஒருவர். வரவேற்புக் கட்டணம் பதினெட்டு ரூபாய் உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டது. இந்த அழைப்புக்கான கட்டணம் நாற்பது."

போன் அணைந்தது. வக்கீல் கையிலிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்ப நீங்க போய்ப் பதினெட்டைக் கொடுத்தா வாங்க மாட்டாங்க சார்," என்றார் லிஃப்ட்காரர், தரையிலிருந்து, உண்மையான அக்கறையோடு. "வளர விடுவாங்க."

"தெரியும்," என்றார் வக்கீல். "அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான்." பேனாவை எடுத்தார். "சம்மதம் எழுதித் தரேன். பெட்டியை விடுவிக்கலாம்."

"பெட்டி மட்டும் போதாது," என்றாள் மனைவி, நின்ற இடத்திலிருந்தே. "மொத்தக் கடனும் தீர்ந்துதுன்னு எழுதுங்க. இல்லன்னா அடுத்த வாரம் மறுபடி அரக்கைக் காய்ச்சிக்கிட்டு வந்து நிப்பாரு இந்த மனுசன்."

"அம்மா, நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டையும் நான் எப்படி..."

"அப்ப நாங்க கிளம்பறோம். ஏங்க, எழுந்திருங்க. தரை சில்லுன்னு இருக்கு, கழுத்துக்கு ஆகாது."

லிஃப்ட்காரர் எழவில்லை. "இரும்மா. சும்மா தீர்ந்துதுன்னு எழுத வேண்டாம். பதினெட்டு ரூபா கொடுத்துடறேன். அது ஒண்ணுதான் அவங்க முதல்ல கேட்டது. ஒருத்தர்கிட்ட பாக்கி வெச்சிட்டுத் தலையணையில படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

மனைவி பையைத் திறந்து பத்து ஒன்று, ஐந்து ஒன்று, மூன்று சில்லறை எடுத்துக் குனிந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "உங்களைக் கட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்து, பையை மூடினாள்.

"வக்கீல் கட்சிக்காரரின் பணத்தைக் கையால் தொடுவது மரபல்ல," என்றார் வக்கீல்.

"இதுவரை தொட்டதே இல்லையா?" என்று நீதிபதி கேட்டார். அறிந்துகொள்ளும் ஆர்வம் மட்டுமே அந்தக் குரலில் இருந்தது.

வக்கீல் கையை நீட்டினார்.

எழுத்தர் குனிந்து முதுகை மேசையாகக் கொடுத்தார். வக்கீல் எழுதினார், நீதிபதி கையெழுத்திட்டார். முத்திரை மன்றத்துக்குள் எழுத்தரின் மேசையில் இருந்தது. ஜப்தி ஊழியர் அதை எடுத்து வர எழுந்தார். எழக் கூடாது என்று எழுத்தர் கத்தவே, படுத்தபடி நகர்ந்து போய், படுத்தபடி திரும்பி வந்தார். சட்டையின் முன்பக்கம் தாழ்வாரத்தின் பன்னிரண்டு வருடத் தூசியைத் துடைத்தெடுத்திருந்தது.

அரக்கு உடைந்தது. லிஃப்ட்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உச்சியிலிருந்த இயந்திர அறைக்குப் போனார். லிஃப்ட்டுக்குள் ஆள் குறைவு. மறுமுனையில் தொங்கும் எதிரெடைதான் கனம். பிரேக் கம்பியை மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் லிஃப்ட் தானாகவே மேலே ஏறும். விட்டார். மூன்றாம் மாடித் தரையும் லிஃப்ட்டின் தரையும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்தன. நீதிபதி வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அன்று பிற்பகல் உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றும்போது எழுத்தருக்குச் சிக்கல் வந்தது. உத்தரவு எந்த மாடியில் வழங்கப்பட்டது என்று ஒரு கட்டம். இரண்டு என்று எழுதினால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடனைத் தொட அந்த மாடிக்கு அதிகாரம் இல்லை. மூன்று என்று எழுதினால் அது பொய்; லிஃப்ட் அங்கே வந்து சேரவில்லை. இரண்டரை என்று எழுதி, விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடம் மூவர் குழு ஒன்றை அமைத்தது. குழு நேரில் வந்து அளந்தது. லிஃப்ட்டை அதே இடத்தில் மறுபடி நிறுத்திக் காட்டச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் நிறுத்திக் காட்டினார். நீதிபதியின் நாக்கு அன்று மூன்றாம் மாடித் தரைக்கு எட்டு விரற்கடை மேலே இருந்ததாகக் குழு கண்டறிந்தது.

பதினொரு மாதத்துக்குப் பிறகு உத்தரவு செல்லும் என்று பதில் வந்தது. வழக்கு முடிக்கப்பட்டது. லிஃப்ட்காரர் அதே நிறுவனத்தில் வேலை செய்கிறார். பெட்டியைத் திரும்ப வாங்கிய அன்று சரிபார்த்ததில் பதினான்காம் நம்பர் ஸ்பேனர் ஒன்று குறைந்தது. அதற்குத் தனி மனு போட வேண்டும் என்றார்கள். அவர் போடவில்லை.